அனுப்பியது நான்தான்

நான் அறிவியல் வாத்தியார். ஆரணிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் சோதித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன். 2018 ஏப்ரல் கடைசியில், பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல் நம் பக்கம் இறங்கியிருக்கிறது என்ற பொய்யை எங்கள் ஊரில் பரப்பியவர்களில் நானும் ஒருவன். எனக்கு வந்தது, நான் அனுப்பினேன். அதற்குப் பிறகு நான் செய்ததும் செய்யாமல் விட்டதும் அனுப்பியதைவிட மோசம். வீட்டில்கூடப் பாதிதான் தெரியும். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

போன் என் கைக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் என் மகள் முடிச்சூரில் மாட்டிக்கொண்டாள். கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். அவளுடைய போன் அணைந்துவிட்டது. நானும் என் மனைவியும் டிவி முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது, அந்தக் குடியிருப்புக்காரர்கள் வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு சேதி கைமாறிக் கைமாறி எங்களுக்கு வந்தது. மாடி வீட்டில் பத்திரமாக இருக்கிறார்கள், படகு வந்துகொண்டிருக்கிறது என்று. யாரோ முகம் தெரியாதவர் அனுப்பிய அந்த இரண்டு வரிதான் எங்களைத் தூங்க வைத்தது. அன்றிலிருந்து போனில் வருவதை நான் கடவுள் வாக்குபோல் பார்க்க ஆரம்பித்தேன்.

அடுத்த வருடம் செப்டம்பரில் ஜியோ வந்தது. அதுவரை ஒரு ஜிபி டேட்டாவை மாதம் முழுக்க வைத்துச் சிக்கனம் பார்த்தவர்களுக்கு, மாதக்கணக்கில் எல்லாம் இலவசம் என்றார்கள். ஊரில் எல்லார் கையிலும் நெட் வந்தது. தெருவுக்கு ஒரு குழு, பழைய மாணவர்களுக்கு ஒரு குழு, ஆசிரியர் சங்கத்துக்கு ஒன்று, சொந்தக்காரர்களுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் என்னைச் சேர்த்தார்கள். காலையில் எழுந்ததும் வணக்கம் போடுவேன், ஒரு நல்ல வாசகம் போடுவேன். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழும். வகுப்பில் பிள்ளைகள் கவனிக்காமல் போன நாட்களில்கூட, குழுவில் நான் சொன்னதற்கு நூறு பேர் தலையாட்டினார்கள். அந்த ருசி எனக்குப் பிடித்துப்போனது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தவறினேன். 2016 நவம்பரில் புதிய 2000 ரூபாய் நோட்டில் நானோ சிப் இருக்கிறது, பூமிக்கு அடியில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்று ஒரு செய்தி வந்தது. மின்சாரமே இல்லாத ஒரு துண்டு, மண்ணுக்கு அடியிலிருந்து விண்வெளிக்குச் சேதி அனுப்பாது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அனுப்பினேன். "சார், நீங்க போட்டதுதான் எங்களுக்கு ஃபர்ஸ்ட்டு வந்துச்சு" என்று ஒரு பழைய மாணவன் எழுதினான். எனக்குப் பெருமையாக இருந்தது. 2017இல் பிளாஸ்டிக் அரிசி என்று ஒரு வீடியோ வந்தது. ஒரு பிடி சோற்றைப் பிசைந்து பார்த்திருந்தாலே விஷயம் முடிந்திருக்கும். ஆரணியைச் சுற்றி அரிசி ஆலைகளுக்கா பஞ்சம்? யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அதையும் அனுப்பினேன்.

இதை எழுதும்போது 1995 செப்டம்பர் 21 ஞாபகம் வருகிறது. பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடே கோயில் வாசலில் நின்ற நாள். லேண்ட்லைன் போனும் வாய்ப்பேச்சும் மட்டுமே இருந்த காலத்தில், ஒரே நாளில் அந்தச் சேதி இந்தியா முழுக்கப் போனது. மறுநாள் காலையில் வகுப்புக்கு ஒரு கிண்ணம் பாலும் ஸ்பூனும் ஒரு மண் பொம்மையும் எடுத்துக்கொண்டு போனேன். பொம்மையின் வாயில் ஸ்பூனை ஒட்டிப் பிடித்து, பால் எப்படி இழுபட்டு மெல்லிய படலமாக வழிந்து இறங்குகிறது என்று காட்டினேன். பரப்பு இழுவிசை பாடத்தை அதைவிட நன்றாக நான் நடத்தியதில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் கோபித்துக்கொண்டார். அவருக்கும் மரியாதையாகப் பதில் சொன்னேன்.

அன்றைய வாத்தியாரும் 2018இன் வாத்தியாரும் ஒரே ஆள்தான். படிப்பு குறைந்துவிடவில்லை. 1995இல் அந்தச் சேதி ஓர் ஆளாக என் எதிரில் வந்து நின்றது. யார் சொன்னது, நீ பார்த்தாயா என்று கேட்க முடிந்தது. யோசிக்க ஒரு ராத்திரி கிடைத்தது. 2018இல் அது என் விரலுக்கு அடியில் வந்து விழுந்தது. அனுப்பவா வேண்டாமா என்ற கேள்வியே எனக்குள் எழவில்லை. கேட்பவர் முகமும் எதிரில் இல்லை.

அந்த ஏப்ரலில் எனக்கு வந்தவை இரண்டு. ஒன்று ஆடியோ. எங்கள் பக்கத்துப் பேச்சில், பதற்றமான ஆண் குரல், எங்கள் ஊர்களின் பெயரைச் சொல்லியே பேசியது. நூற்றுக்கணக்கில் வந்திருக்கிறார்கள், பிள்ளைகளைத் தூக்கி உறுப்புகளை எடுத்துவிடுகிறார்கள் என்றது. இன்னொன்று வீடியோ. தெருவில் விளையாடும் பிள்ளைகளுக்கு நடுவே மோட்டார் பைக்கில் இரண்டு பேர் வந்து ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். சக ஆசிரியர் ஒருவர் அனுப்பினார். அவருக்கு அவருடைய மச்சான் அனுப்பியிருந்தார். பள்ளிக்குக் கோடை விடுமுறை விட்டாயிற்று. என் பேத்தி எங்கள் வீட்டில்தான் இருந்தாள். வயிறு கலங்கியது உண்மை. அந்தக் கலக்கத்தோடு ஒரு வரி எழுதி மேலே சேர்த்தேன்: "நம்பகமான இடத்திலிருந்து வந்த தகவல். பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்."

நம்பகமான இடம் என்று நான் எழுதியது அந்த மச்சானைத்தான். அவரை நான் பார்த்ததுகூடக் கிடையாது. மற்றதெல்லாம் யாரோ செய்த பொய். இந்த ஒரு வரி என் சொந்தப் பொய்.

அந்த நாளில் ஒரு செய்தியை ஏராளமான குழுக்களுக்கு ஒரே மூச்சில் தட்டிவிடலாம். ஒரு குழுவில் 256 பேர் வரை இருக்கலாம். 'ஃபார்வர்டட்' என்ற அடையாளமும் கிடையாது. அது அந்த வருடம் ஜூலையில்தான் வந்தது. ஆக, நான் அனுப்பியதை வாங்கியவர்களுக்கு அது வாத்தியாரே சொன்ன சேதியாகத்தான் தெரிந்தது. மேலே என் வரி வேறு இருந்தது.

மே மாதம் முதல் வாரம், ஒரு முன்மதியம். தெருக்கோடியில் சத்தம் கேட்டுப் போனேன். டிவிஎஸ் 50 வண்டியில் பிளாஸ்டிக் பாயும் கொசுவலையும் கட்டிக்கொண்டு வந்த ஒரு வடநாட்டு வியாபாரியைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். வயது முப்பதுக்குள் இருக்கும். ஒரு வீட்டு வாசலில் விளையாடிய பிள்ளையிடம் "அம்மா இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். வீடு வீடாக விற்கிறவர்கள் எல்லாரும் கேட்பதுதான். அதற்குத்தான் பிடித்துவிட்டார்கள். சட்டை கிழிந்திருந்தது. காதோரம் ரத்தம். பாய்ச் சுருள்கள் சாக்கடையில் கிடந்தன. இரண்டு கையையும் கூப்பி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். ஹிந்தி யாருக்கும் புரியவில்லை. என்னிடம் படித்த பையன் ஒருவன் போனை உயரத் தூக்கிக் காட்டினான். "சாரே அனுப்பிக்கிறாரு பாரு!" என்றான்.

என்னைக் கண்டதும் கூட்டம் வழிவிட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து பிடுங்கிய ஆதார் அட்டையை என் கையில் கொடுத்தார்கள். "சார், நீங்க படிச்சுச் சொல்லுங்க சார்."

அட்டை லேமினேட் செய்து ஓரம் பிரிந்திருந்தது. ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் பெயர், அப்பா பெயர், ஊர். போட்டோவில் இருந்தவரும் எதிரில் நின்றவரும் ஒரே ஆள். அதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் நின்றேன். "அட்டை சரியா இருக்கு, வியாபாரிதான், விடுங்கப்பா" என்று சொல்லியிருந்தால் அந்தத் தெருவில் எவனும் மறுத்துப் பேசியிருக்க மாட்டான். நான் அனுப்பிய சேதி உண்மையா என்று எனக்கே தெரியாது என்றும் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால், தெரியாமலா அனுப்பினீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். "உ.பி.ன்னு போட்டிருக்கு" என்று மட்டும் சொன்னேன். வாயிலிருந்து வந்தது உண்மைதான். ஆனால் கூட்டத்துக்கு அது தீர்ப்பாகக் கேட்டது. பின்னாலிருந்து ஒருவன் அவர் கன்னத்தில் அறைந்தான்.

அவரைக் காப்பாற்றியது இட்லிக் கடை அம்மா. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். கரண்டியோடு கூட்டத்துக்குள் புகுந்து அந்த ஆளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றார். "போன மாசம் எனக்குக் கொசுவல குடுத்துட்டுப் போனாண்டா. இன்னும் எரநூறு ரூபா நான் தரணும். அத வாங்கத்தான் வந்துக்கிறான். புள்ள புடிக்கிறவன் பாக்கி வசூலுக்கு வருவானாடா?" என்று கத்தினார். நான்கு பேர் யோசித்தார்கள். அந்த இடைவெளியில் போலீஸ் வந்து அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது. அட்டை கடைசிவரை என் கையில்தான் இருந்தது. ஒரு போலீஸ்காரர் கேட்டு வாங்கினார். அந்தப் பாக்கியை வாங்க அவர் அப்புறம் வரவே இல்லை.

நான் போதித்த சோதனை முறையை அந்த அம்மா அங்கே செய்து காட்டினார். தனக்குத் தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாத ஒன்றைச் சோதித்தார். நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயந்திரமே குழுவில் எழுதியிருக்கலாம். மறுநாள் ஊருக்குள் போலீஸார் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, வதந்தியை நம்பாதீர்கள் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அப்போதாவது எழுதியிருக்கலாம். எழுத எடுத்து எடுத்து வைத்தேன். இவ்வளவு நாள் சேர்த்த மரியாதை போய்விடுமே என்ற எண்ணம் கையைப் பிடித்தது. போலீஸே சொல்லிவிட்டார்களே, நாம் எதற்குத் தனியாக என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மே 9ஆம் தேதி போளூரை அடுத்த அத்திமூரில் அது நடந்தது. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம். வழி கேட்க நிறுத்திய இடத்தில், காரில் இருந்த 65 வயது அம்மா குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் சேர்ந்து அடித்தது. அந்த அம்மா இறந்துபோனார். கூட வந்தவர்கள் படுகாயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதே வாரத்தில் பழவேற்காட்டில் ஓர் ஆளை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். போளூர் எங்களுக்குப் பஸ்ஸில் போய்வரும் தூரம். செய்தியைப் பார்த்த ராத்திரி நான் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? என் போனில் இருந்த அந்தச் செய்தியைத் தேடி எடுத்து அழித்தேன். எல்லாருக்கும் அழிக்கிற அவகாசம் அப்போது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம், அது எப்போதோ கடந்துவிட்டது. 'டெலீட் ஃபார் மீ' என்பதைத் தொட்டேன். என் போனில் மட்டும் அது இல்லாமல் போனது. ஊரில் மற்ற எல்லாருடைய போனிலும் அப்படியே இருந்தது. அழித்தது ஆதாரத்தை.

என் கையிலிருந்து போனது அத்திமூர் வரை போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல வழியில்லை. 2016இலிருந்து வாட்ஸ்அப்பில் போகிற செய்தியை அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாது. எது எங்கே போனது என்று எனக்கு யாரும் காட்ட முடியாது. சேரவில்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. இந்தச் சந்தேகத்தோடுதான் நான் மீதி நாட்களை வாழ வேண்டும். அது நியாயம்தான்.

அந்த வருடம் நாடெங்கும் இதே கதை. ஜூனில் அசாமின் கார்பி ஆங்லாங்கில் இரண்டு இளைஞர்கள். ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ராயின்பாடாவில், ஊர் ஊராகச் சுற்றிப் பிழைக்கும் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர். திரிபுராவில், வதந்தியை நம்பாதீர்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்ல அரசு அமர்த்திய ஒருவரையே ஜூன் 28 அன்று அடித்துக் கொன்றார்கள். சரியான சேதியைச் சொல்ல ஓர் ஆள் உயிரைக் கொடுத்திருக்கிறார். எனக்கு அதில் போகக்கூடியது கொஞ்சம் மரியாதை மட்டும்.

நான் அனுப்பிய வீடியோவின் கதையும் பிறகுதான் தெரிந்தது. பாகிஸ்தானில் கராச்சியில், காணாமல் போகும் குழந்தைகளுக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. முழுப் படத்தில் பைக்கில் வந்தவர்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற அறிவிப்பை விரித்துக் காட்டுகிறார்கள். அந்தக் கடைசித் துண்டை வெட்டிவிட்டுச் சுற்றில் விட்டிருக்கிறார்கள். குழந்தைகளைக் காப்பாற்ற எடுத்த படத்தை வைத்து ஆட்களைக் கொன்றிருக்கிறோம்.

எங்களை இப்படி ஆக்கியது கருவியா, நாங்களா என்று நிறைய யோசித்திருக்கிறேன். 2018 மார்ச்சில், எங்கள் பக்கம் வதந்தி கிளம்புவதற்குச் சற்று முன்னால், 'சயின்ஸ்' இதழில் எம்.ஐ.டி. ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வந்தது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஓடிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்தார்கள். பொய்ச் செய்தியை ஒருவர் மறுபடி பகிரும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப்போல ஆறு மடங்கு நேரம் ஆகிறது. தானாக இயங்கும் கணக்குகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இதே கணக்குத்தான். பரப்புவது மனிதர்கள்.

கருவிக்கும் பங்கு உண்டு. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோதான் அனுப்பலாம் என்று வாட்ஸ்அப் வரம்பு போட்டது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஓரிடத்துக்கு மட்டும்தான் அனுப்பலாம் என்றாக்கியது. அதற்குப் பிறகு அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்தது என்று நிறுவனமே சொன்னது. யாரும் யாரையும் தடுக்கவில்லை. இன்னும் சில தடவை விரலை வைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சிரமத்துக்கே விட்டுவிட்டோம் என்றால், ஊரைக் காப்பாற்றும் அக்கறையில்தான் அனுப்பினேன் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? சுலபமாக இருந்ததால் அனுப்பினேன். முதலில் சொன்னவன் என்ற பேர் கிடைத்ததால் அனுப்பினேன். பேத்திக்காகப் பயந்தது நிஜம். அந்தப் பயம் இருந்தவன் அவளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

2023 மார்ச்சில் இதே விஷயம் மறுபக்கமாக வந்தது. தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் சுற்றின. வேறு சந்தர்ப்பங்களில் நடந்த பழைய மோதல்களை எடுத்துத் தலைப்பை மாற்றிவிட்டிருந்தார்கள். தமிழ்நாட்டு டிஜிபி அது பொய் என்று அறிவித்தார். பிகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி விசாரித்தது. அதற்குள் பலர் பயந்து மூட்டை கட்டினார்கள். ஆரணியில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் பிகார் பையன் ஒருவன், அவனுடைய அம்மா அனுப்பிய வீடியோவை எனக்குக் காட்டினான். ஊரில் அவர்களுடைய வாத்தியார் அந்த அம்மாவுக்கு அனுப்பியதாம். அந்த முகம் தெரியாத வாத்தியாரை என்னால் திட்ட முடியவில்லை. அவர் எப்படி அனுப்பியிருப்பார், எந்த வரியை மேலே சேர்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பையனோடு உட்கார்ந்து, அவன் அம்மாவுக்கு போன் போடச் சொல்லி, நான் இங்கே நன்றாக இருக்கிறேன் என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்தேன். அந்த நல்ல காரியத்தால் பழைய கணக்கு தீராது.

இப்போதெல்லாம் செய்தி வந்தால், இதை நான் பார்த்தேனா, பார்த்தவரை எனக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டுக்கும் இல்லை என்றால் அனுப்புவதில்லை. ஆனால் அனுப்பாமல் இருப்பது பாதிதான். பொய்யை எந்த இடத்தில் எந்தக் குரலில் சொன்னோமோ, அதே இடத்தில் அதே குரலில் அது பொய் என்றும் சொல்ல வேண்டும். போலீஸ் சொன்னதும் பேப்பரில் வந்ததும் எனக்குப் பதிலாகாது. எங்கள் தெருவில் என்னை நம்பியவர்கள் என்னிடமிருந்துதான் அதைக் கேட்டிருக்க வேண்டும். அனுப்பிய குற்றம் ஒரு நொடியில் நடந்தது. மௌனமாக இருந்த குற்றத்தை வருடக்கணக்கில் தினமும் செய்துவந்தேன்.

இந்தக் கட்டுரையைக் கொடுப்பதற்கு முன்னால், அந்தச் செய்தியை எந்தெந்தக் குழுக்களில் போட்டேனோ அவற்றில் இன்னும் இருக்கும் எல்லாவற்றிலும் என் பேரைப் போட்டு எழுதிவிட்டேன். 2018 ஏப்ரல் கடைசியில் நான் அனுப்பிய பிள்ளை பிடிக்கும் கும்பல் செய்தி பொய். நம்பகமான இடம் என்று எழுதியதும் பொய், அப்படி ஓர் இடம் எனக்கு இருக்கவில்லை. அந்த வியாபாரியின் அட்டை சரியாகத்தான் இருந்தது, நான் சொல்லாமல் நின்றேன். யாருடைய போனிலாவது அந்தச் செய்தி இன்னும் கிடந்தால் அழித்துவிடுங்கள். என்னை நம்பி அதை யார் யாருக்கு அனுப்பினீர்களோ, அவர்களுக்கெல்லாம் இதையும் அனுப்புங்கள்.